மூணு கொடு, பாப்பா

போன வருஷம் கோடை விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஆரம்பித்தால் இருபது வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள், அதையே ஆங்கிலத்திலும் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் "எங்க, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்போம், சொல்வாள், எல்லாரும் கை தட்டுவார்கள். பிள்ளைக்கு எண் வந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அம்மா முற்றத்தில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொட்டை ஒரு குவியலாகக் கிடந்தது. விளையாட்டாக, "சாமி, அம்மாச்சிக்கு மூணு கொட்டை எடுத்துக் குடு" என்றார். இவள் ஒரு கை நிறைய அள்ளி "இந்தா" என்று நீட்டினாள். "மூணுதான் சாமி வேணும்" என்றதும் தன் கையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு இன்னொரு கை அள்ளிக் கொடுத்தாள்.

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். வாய் ஒரு வேகத்தில் போகிறது, விரல் வேறு வேகத்தில் போகிறது. ஒரு கொட்டையைத் தொடும்போது "மூணு, நாலு" என்று இரண்டு எண் வருகிறது, அடுத்த கொட்டையை விரல் தாண்டியே போய்விடுகிறது. ஒன்பதில் வந்து நின்றாள். "சரி, மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடியும் முதல் கொட்டையிலிருந்து ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தாள். இந்த முறை எட்டு. திரும்பக் கேட்டேன், திரும்ப எண்ணினாள். மூன்று தடவைக்கு மூன்று விடை, அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. "எத்தனை" என்று கேட்டால் எண்ணிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று அவள் புரிந்துவைத்திருக்கிறாள். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளிடம் இன்னும் வந்து சேரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒன்று முதல் இருபது வரை சொல்வது ஆத்திசூடி ஒப்பிப்பது மாதிரி. அறம் செய விரும்பு, ஆறுவது சினம் என்று வரிசை தப்பாமல் பிள்ளை சொல்லும், சினம் என்றால் என்னவென்று கேட்டால் விழிக்கும். அது ஒன்றும் தப்பில்லை, வரிசை நாக்கில் பதிவது நல்லதுதான். ஆனால் அதை எண்ணத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த படிக்கு, அதாவது எழுதுவதற்கு, பிள்ளையைத் தள்ளிவிடுகிறோம். இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது முழுக்க இதைச் சுற்றித்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் மூன்று, நாலு வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்குப் பயன்படும்.

அம்மா தற்செயலாகக் கேட்ட அந்த "மூணு குடு" குழந்தைகளின் எண்ணறிவைப் படிக்கிறவர்கள் நிஜமாகவே பயன்படுத்துகிற ஒரு சோதனை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990 வாக்கில் இதை வைத்துக் குழந்தைகளை ஆராய்ந்தார். பொம்மையிடம் ஒன்று கொடு, இரண்டு கொடு, மூன்று கொடு என்று கேட்டுக்கொண்டே போவது, வேறொன்றும் இல்லை. குழந்தைகள் முதலில் ஒன்றை மட்டும் சரியாகக் கொடுக்கிறார்கள், இரண்டு கேட்டாலும் ஐந்து கேட்டாலும் ஒரு கை அள்ளல்தான். பல மாதம் கழித்து இரண்டு வருகிறது. அப்புறம் இன்னும் சில மாதம் போய் மூன்று. இத்தனைக்கும் அதே பிள்ளை பத்து வரைக்கும் வரிசை சொல்லிக்கொண்டு இருக்கும்! மூன்று, நாலு வந்த பிறகு ஒரு கட்டத்தில் பூட்டுத் திறந்த மாதிரி ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஏனென்றால் எண்ணிக்கொண்டே போய் நிறுத்துகிற இடம்தான் விடை என்பது அப்போது பிடிபட்டுவிடுகிறது. என் மகள் அன்றைக்கு "இரண்டு" வரை தெரிந்த பிள்ளை. நான்தான் அவளை இருபது தெரிந்தவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே, 1978இல், ரோஷல் கெல்மன், காலிஸ்டல் என்ற இருவர் எண்ணுவது என்கிற ஒரே செயலுக்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று பிரித்து எழுதினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண் மட்டும் சொல்ல வேண்டும். எண்களை எப்போதும் அதே வரிசையில் சொல்ல வேண்டும். கடைசி எண்தான் மொத்தம். கொட்டையானாலும் காக்காயானாலும் கை தட்டும் சத்தமானாலும் எண்ணலாம். எந்த மூலையிலிருந்து ஆரம்பித்தாலும் மொத்தம் மாறாது. நமக்கு இதெல்லாம் சொல்லவே தேவையில்லாத விஷயங்கள், பிள்ளைக்கோ ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து சேர வேண்டியவை.

சரி, என்ன செய்தேன்? ஊரிலிருந்து வரும்போது ஒரு டப்பா நிறையக் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை கொண்டுவந்தேன். (மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் கொட்டை, பாசி, சோழி எதையும் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் எந்த வயதிலும் கொடுக்கவே கூடாது, அது விஷம்.) எண்ணும்போது கொட்டையை விரலால் தொட்டுக்கொண்டு போவதை நிறுத்தினேன். ஒவ்வொன்றாக எடுத்து எவர்சில்வர் டம்ளரில் போடச் சொன்னேன். டிங் என்று ஒரு சத்தம், ஒரு எண். சத்தம் வருவதற்கு முன்னால் எண் சொல்லக் கூடாது. இது உடனே வேலை செய்தது, ஏனென்றால் எண்ணிய கொட்டை டம்ளருக்குள் போய்விடுகிறது, எண்ணாதது தட்டில் இருக்கிறது, இரண்டும் கலக்க வழியே இல்லை. வாயும் கையும் ஒரே வேகத்துக்கு வர இரண்டு வாரம்தான் ஆனது.

கடைசி எண் மொத்தம் என்பதற்கு இன்னொரு வழி. நான் எண்ணும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று முடித்துவிட்டுக் கையால் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி "நாலு கொட்டை" என்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுற்று. அவளும் சுற்ற ஆரம்பித்தாள். ஒருநாள் சுற்றிவிட்டு "அஞ்சு கொட்டை" என்றாள். "எத்தனை?" என்றேன். "அஞ்சுன்னு சொன்னேன்ல" என்றாள். எண்ணவில்லை! எனக்கு அப்படியே அவளைத் தூக்கிக்கொள்ளத் தோன்றியது, தூக்கிக்கொண்டேன்.

வீட்டு வேலையில் எண் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் அது பாட்டுக்குத் தானாக வருகிறது. ஆளுக்கு ஒரு தட்டு வைப்பது, செருப்பை ஜோடி சேர்ப்பது, துணிக்குக் கிளிப் போடுவது. "அப்பாவுக்கு நாலு இட்லி, உனக்கு ரெண்டு" என்று அவளையே எடுத்து வைக்க விடுவது. சாப்பிட்டு முடித்ததும் "தட்டுல எத்தனை இட்லி இருக்கு?" என்பேன். முதலில் "இல்ல" என்பாள். அந்த "இல்ல"வுக்கு ஒரு பேர் உண்டு, அதுதான் பூஜ்ஜியம் என்று காலித் தட்டைக் காட்டிச் சொன்னேன். அடுத்த நாள் குக்கரைத் திறந்து காட்டி "சாதம் பூஜ்ஜியம்" என்றாள்.

முட்டை அட்டை இருக்கிறதே, முப்பது முட்டை வருகிற அந்தச் சதுர அட்டை, அதை எறிந்துவிடாதீர்கள். ஐந்தும் ஆறுமாகக் குழிகள் இருக்கும். அதில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையை மட்டும் கத்தரித்து எடுத்தேன். பத்துக் குழி. ஏழு கொட்டை போட்டால் ஒரு வரிசை நிறைந்து அடுத்த வரிசையில் இரண்டு நிற்கும், மூன்று குழி காலி. ஏழு என்பது ஐந்தும் இரண்டும், பத்துக்கு மூன்று குறைவு, இதெல்லாம் நான் வாயைத் திறக்காமலேயே கண்ணில் தெரிகிறது. கூட்டல், கழித்தல் என்று பேர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. இந்த அட்டைக்குச் செலவு ஒன்றும் கிடையாது, ஆனால் நான் கடையில் வாங்கின பிளாஸ்டிக் எண்களைவிட இது நூறு மடங்கு உதவியது.

இப்போது பல்லாங்குழி. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பதினாலு குழி, இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. எங்கள் பக்கம் குழிக்கு ஐந்து வீதம் எழுபது கொட்டை போட்டு ஆடுவோம். ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு குழிக்கு ஒரு கொட்டை, எதையும் தாண்டக் கூடாது, ஒன்றில் இரண்டு போடக் கூடாது. யோசித்துப் பாருங்கள், ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதியது கைப்பழக்கமாக அப்படியே இதில் இருக்கிறது. அதைவிட அருமையானது பசு. நம் பக்கத்துக் குழியில் நாலு கொட்டை சேர்ந்துவிட்டால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் அடுத்த சுற்றில் அது ஐந்தாகிவிடும், போச்சு. அதனால் ஏழு குழியிலும் நாலு எங்கே நிற்கிறது என்று கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒண்ணு, ரெண்டு என்று எண்ண அதில் நேரமில்லை. பார்த்த மாத்திரத்தில் நாலு என்று தெரிய வேண்டும். மனிதக் கண்ணுக்கு எண்ணாமலேயே பார்த்துச் சொல்ல முடிகிற அளவு மூன்று, நாலுதான், அதற்கு மேலே போனால் எண்ணவோ பிரித்துப் பார்க்கவோ வேண்டும். பசுவுக்கு நாலை வைத்தவர்கள் இதை யோசித்து வைத்தார்களா என்பது வேறு விஷயம், ஆனால் ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு "நாலு" என்பதன் உருவத்தைக் கண்ணில் ஏற்றுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் அவளும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "பசு!" என்று கத்திக்கொண்டு அம்மாவின் பக்கத்துக் குழியில் இவள் கை வைப்பாள். "அது என் மாடு சாமி, உன் மாடு அங்க நிக்குது பாரு" என்பார் அம்மா.

நடுவில் ஒருநாள் இன்னொன்று செய்து பார்த்தேன். ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே 1941இல் வெளியிட்ட ஆய்வில் வருகிற விஷயம். ஐந்து கொட்டை ஒரு வரிசை, அதற்கு நேர் கீழே ஐந்து கொட்டை இன்னொரு வரிசை. "ரெண்டும் சமமா?" "சமம்." கீழ் வரிசையை மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நீளமாக்கினேன். "இப்ப?" "இதுல நிறைய" என்று நீண்ட வரிசையைக் காட்டினாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை, அவள் கண் முன்னால்தான் தள்ளினேன், ஆனாலும் நீளமாக இருப்பது நிறைய. இந்த வயதில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. திருத்த வேண்டியதில்லை, தானாக மாறும். ஆனால் ழாக் மெலர், தாமஸ் பெவர் என்ற இருவர் 1967இல் இதையே மிட்டாயை வைத்துச் செய்து பார்த்தபோது, குறைவான மிட்டாயை நீள வரிசையாகவும் அதிகமான மிட்டாயை நெருக்கியும் வைத்தாலும், "எது வேணுமோ எடுத்துக்கோ" என்றால் சின்னக் குழந்தைகள்கூட அதிகம் இருந்த வரிசையையே எடுத்துக்கொண்டார்களாம். நானும் கடலை மிட்டாயை உடைத்து வைத்துப் பார்த்தேன். நெருக்கமாக இருந்த ஆறை அள்ளினாள், அகலமாக வைத்த நாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்கிற கேள்வியும் கேட்கிற பொருளும் பிள்ளைக்கு எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குப் புரிந்தது.

எண்ணைப் பார்த்து அடையாளம் சொல்வதற்கு நான் நம்புவது தினசரி காலண்டரை. பெரிய எழுத்தில் ஒரு நாளைக்கு ஓர் எண், தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அவள் வேலை. கிழித்த தாளை வைத்துக்கொண்டு அன்றைய தேதிக்கு அத்தனை கொட்டை அதன் மேல் வைப்போம், தேதி ஏற ஏறக் கொட்டையும் ஏறும், ஒன்றாம் தேதி வந்தால் தாளில் ஒற்றைக் கொட்டை நிற்கும். முந்தாநாள் தாள், நேற்றுத் தாள், இன்றையது மூன்றையும் கலைத்துப்போட்டு வரிசை வைக்கச் சொல்வேன். அதே தாளில் சின்னதாகத் தமிழ்த் தேதி வேறு இருக்கும், "இங்க ஏன் வேற நம்பர்?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துச் சித்திரை, வைகாசி வரைக்கும் போய்விட்டோம். பஸ் நம்பர், வீட்டுக் கதவிலக்கம், லிஃப்ட் பொத்தான் எல்லாமே நல்லவைதான், ஆனால் பஸ் நம்பர் வெறும் பேர். 27ஆம் நம்பர் பஸ் 5ஆம் நம்பரைவிடப் பெரியதில்லை. காலண்டரில்தான் எண் நகர்கிறது.

மொழி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் பள்ளியில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். லெவன், ட்வெல்வ் என்ற சொற்களைக் கேட்டால் அதற்குள் பத்து இருப்பது காதில் விழாது. ஃபோர்ட்டீன் என்றால் முதலில் கேட்பது ஃபோர், அதனால் 4ஐ முதலில் எழுதி அப்புறம் 1 போடுகிறாள், 41 ஆகிவிடுகிறது. தர்ட்டீனும் தர்ட்டியும் வேறு ஒரே மாதிரி காதில் விழுகிறது. தமிழில் பாருங்கள், பதினொண்ணு, பதிமூணு, பதினாலு. பத்து முதலில் வருகிறது, எழுதும்போதும் முதலில் இருப்பது அதுதான். இருபத்தொண்ணு, முப்பத்திரண்டு என்று சொல்லும்போதே எத்தனை பத்து, எத்தனை ஒன்று என்று சொல் உடைத்துக் காட்டிவிடுகிறது. முட்டை அட்டையில் பத்தை நிரப்பி, இன்னொரு அட்டையில் நாலு போட்டு "பத்தும் நாலும் பதினாலு" என்று சொன்ன பிறகு 41 தொல்லை பெரும்பாலும் நின்றுவிட்டது. பள்ளியில் எந்த மொழியாக இருந்தாலும் வீட்டில் எண்ணுவதைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, பிள்ளைக்கு நிஜமாகவே சுலபம்.

ஒரே ஒரு இடம் தமிழிலும் இடறும். இருபத்தொம்பதுக்கு அப்புறம் "இருபத்திப் பத்து" என்பாள், அது எல்லாப் பிள்ளையும் சொல்வது, அழகான தப்பு, அதற்குள் சரியான கணக்கு இருக்கிறது. ஆனால் எண்பத்தொம்பதுக்கு அப்புறம் "ஒம்பது பத்து" என்றாள். எழுபது, எண்பது வந்த வழியில் பார்த்தால் அவள் சொன்னது நியாயம்தான். நாமோ தொண்ணூறு என்கிறோம். பேரில் நூறு இருக்கிறது, ஆனால் நூறு இன்னும் வரவில்லை. ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பழைய பேர் இருந்தது, பரிபாடலில் எட்டுக்கு அடுத்ததாகத் தொண்டு என்றே எண்ணி வருகிறது. அந்தத் தொண்டுதான் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் பிள்ளையிடம் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. "ஒம்பது பத்துக்குத் தொண்ணூறுன்னு ஒரு பழைய பேரு" என்று மட்டும் சொன்னேன். ஏற்றுக்கொண்டாள்.

இனி எழுத்து. இதில்தான் எங்களுக்குக் கஷ்டம் வந்தது. எல்கேஜியில் இரண்டாவது மாதமே ஹோம்வொர்க் நோட்டில் 1 முதல் 50 வரை இரண்டு தடவை எழுதி வரச் சொல்லிவிட்டார்கள். கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எண். பென்சிலை நாலு விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினாள், 17க்கு வரும்போது கை வலிக்கிறது என்றாள், 23இல் அழுதாள். நான் கையைப் பிடித்து எழுதவைத்து முடித்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. அடுத்த நாள் புளியங்கொட்டை டப்பாவை எடுத்தபோது "வேணாம், எழுதச் சொல்லுவ" என்று ஓடினாள். இரண்டு மாதமாக ஆசையாக விளையாடிய டப்பா அது. பள்ளிக்குப் போய் டீச்சரிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை, "எழுதலேன்னா மத்த பேரன்ட்ஸ் வந்து கேக்குறாங்க மேடம், நோட்டுல ஒண்ணுமே இல்லையேன்னு" என்றார். அதுவும் உண்மைதான், நோட்டைப் பார்த்துத்தான் நாம் பள்ளியை எடைபோடுகிறோம். பேசிக்கொண்டதில் என் மகளுக்கு மட்டும் ஐந்து எண் எழுதினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

எண்ணை எழுதுவதற்கு விரலில் வலு வேண்டும், மூன்றரை வயதில் அது முழுதாக இருக்காது. மொச்சை பிதுக்குவது, பூக் கட்டும்போது காம்பைப் பார்த்து இரண்டிரண்டாக எடுத்துக் கொடுப்பது, சப்பாத்தி மாவைப் பாம்பு மாதிரி உருட்டுவது, இதெல்லாம் பென்சில் பிடிப்பதற்கான வேலைதான். மாவுப் பாம்பை வளைத்தே 2, 3, 6 செய்தோம். அப்புறம் அம்மா சொல்லித்தான் மணல் வந்தது. அம்மா படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துத் தரையில் ஆற்று மணலைப் பரப்பிவைத்து விரலால் எழுதச் சொல்வார்களாம், சிலேட்டும் பல்பமும் அதற்கு அப்புறம்தான். இது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய முறை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்தியபோது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார், மதராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நம் தெருவிலிருந்து போனதை நாம் விட்டுவிட்டு மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்கிறோம்.

நகரத்து வீட்டில் ஆற்று மணலுக்கு எங்கே போவது, ஒரு பெரிய தாம்பாளத்தில் கோலமாவைப் பரப்பிக்கொண்டேன். விரலால் எழுத வலுவே வேண்டாம். தப்பினால் தாம்பாளத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால் போச்சு, ரப்பர் வைத்து அழிக்கிற அவமானம் இல்லை, சிவப்பு மை இல்லை. 1, 2, 3 என்று வரிசையாகவும் எழுதவைக்கவில்லை. முதலில் கோடாக இருப்பவை, 1, 7, 4. அப்புறம் சுழியாக இருப்பவை, 0, 6, 9. கோடும் வளைவும் கலந்த 2, 3, 5 கடைசியில். 8ஐ இரண்டு பூஜ்ஜியத்தை ஒன்றன் மேல் ஒன்று வைத்துத்தான் ரொம்ப நாள் போட்டாள், விட்டுவிட்டேன். 5க்கு மட்டும் நாங்கள் ஒரு பாட்டு வைத்திருக்கிறோம்: "கழுத்து கீழ, தொப்பை முன்ன, தொப்பி மேல." தொப்பியைக் கடைசியில் போட வேண்டும் என்பது மறக்காமல் இருப்பதற்கு. தாம்பாளத்தில் குனிந்து நாக்கைக் கடித்துக்கொண்டு கழுத்து, தொப்பை என்று இழுப்பாள், தொப்பி மட்டும் எப்போதும் தலையைவிட்டு ஒரு விரற்கடை தள்ளியே நிற்கும்.

3ஐ இன்னமும் சில நாள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி எழுதுகிறாள், 7ஐயும் 9ஐயும்கூட. பயந்து யாரும் டாக்டரிடம் ஓட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இதுவரை தெரிந்த உலகத்தில் திருப்பினாலும் பொருள் மாறாது. கப்பின் பிடி இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் அது கப்தான், மாடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் மாடுதான். எண்ணும் எழுத்தும் மட்டும்தான் திருப்பினால் வேறாகிவிடுகின்றன, அதைப் பழக மூளைக்கு ஆறேழு வயது வரைகூட ஆகும். "தப்பு" என்று சொல்வதில்லை, "மூணு அந்தப் பக்கம் பார்த்து நிக்குதே, கூப்பிடு" என்பேன், திருப்பிவிடுவாள்.

என் சித்தி மகள் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் ஆரம்பித்த "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரைக்குமான வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் குச்சி, மணி, அட்டை எல்லாம் வைத்துத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அவள் சொன்ன ஒன்று மனதில் நிற்கிறது. நூறு வரை அழகாக எழுதிக் காட்டுகிற பிள்ளை வரும், "ஏழு குச்சி எடுத்துட்டு வா" என்றால் ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்து நிற்கும், அந்தப் பிள்ளையை ஏழுக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அது தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறது, வீட்டில் இருப்பவர்களும் நம்புகிறார்கள். என் பிள்ளையும் அப்படி வந்து நின்றிருக்கும். புளியங்கொட்டைதான் காப்பாற்றியது.

இந்தத் தைப் பொங்கலுக்கு மறுபடியும் அம்மா வீட்டில் இருந்தோம். புது அரிசியை மூட்டையிலிருந்து டிரம்முக்குப் படியால் அளந்து போட்டுக்கொண்டிருந்தார் அம்மா. "லாபம்... ரெண்டு... மூணு..." பக்கத்தில் நின்ற மகள் உடனே, "அம்மாச்சி, ஒண்ணு விட்டுட்ட!" என்றாள். "விடல சாமி. மொதப் படிய லாபம்னுதான் சொல்லணும். அப்பத்தான் பெருகும்." கொஞ்ச நேரம் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப லாபம்னா ஒண்ணா?" "ஆமா." "சரி, இப்ப நாலு" என்று சொல்லி அடுத்த படியை அவளே பிடித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுகிறாள். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பி நின்று, நான் எத்தனை என்று கேட்பதற்கு முன்னாலேயே, கையை ஒரு சுற்றுச் சுற்றி "பதிமூணு படி" என்கிறாள்.